வெளிநாட்டுப் பள்ளிக்கூட வேலை: ஒறிஜினல் சான்றிதழ் எல்லாத்தையும் ஏஜென்சி கேக்குது, குடுக்கலாமா?

கேள்வி: முள்ளியவளை_கணிதம்

எல்லாருக்கும் வணக்கம். சார்ஜாவில ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில கணித ஆசிரியர் வேலை. நேர்முகம் முடிஞ்சுது, ஒப்பந்தம் மின்னஞ்சலில வந்திருக்கு, இன்னும் கையொப்பம் வைக்கேல்லை. ஏஜென்சி கேக்கிறது இவ்வளவு: பட்டச் சான்றிதழ், பட்டப்பின் கல்வி டிப்ளோமா, ஓ.எல்., ஏ.எல். சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், கடவுச்சீட்டு. எல்லாம் ஒறிஜினல், ஒரே பைலில, இந்தக் கிழமைக்குள்ள கூரியரில அனுப்பட்டாம். "அத்தாட்சி வேலை முடியத் தருவம்" எண்டு ஃபோனில சொல்லுகினம், எழுத்தில ஒண்டும் இல்லை.

கேக்க விரும்புறது:

1. உண்மையாவே எதுக்கு ஒறிஜினல் வேணும், எதுக்குப் பிரதி காணும்?
2. அத்தாட்சி வேலையை முல்லைத்தீவில இருந்துகொண்டு நானே செய்து முடிக்க ஏலுமா?
3. பட்டம் 2016இல வவுனியா வளாகத்தில எடுத்தது. விடுகைப் பத்திரம் தந்த பள்ளிக்கூடத்தின்ர பழைய பதிவேடு 2009க்குப் பிறகு இல்லை. இதுகள் துலைஞ்சால் என்ன கதி?
4. போகேக்க ஒறிஜினலைக் கொண்டுபோறதா, வீட்டில வைக்கிறதா? லமினேற் பண்ணினால் பாதுகாப்பு எண்டு ஒராள் சொல்லுறார், சரியா?

---

பூநகரி_கடற்காற்று

தங்கச்சி, அந்தப் பைலை அனுப்பாதேங்கோ. கூரியர் துலைச்சுப்போடும் எண்ட பயத்தில சொல்லேல்லை. ஏழு பத்திரத்தையும் ஒரே ஆளின்ர கையில குடுத்தால், பிறகு "வேலை வேண்டாம்" எண்டு சொல்லுற உரிமை உங்களிட்ட இராது. ஒப்பந்தத்தில ஒரு வசனம் பிடிக்கேல்லை எண்டாலும் வாயைத் திறக்கேலாது. நகையை அடகு வைச்ச மாதிரித்தான். அடகுக்கடையிலயாவது துண்டு தருவினம்.

உங்கட ஏழையும் ஒரே கண்ணால பாக்கக்கூடாது. திரும்ப எடுக்கக்கூடியது எது, ஏலாதது எது எண்டு பிரியுங்கோ.

பிறப்புச் சான்றிதழ் எத்தினை தரமும் எடுக்கலாம், பிரதேச செயலகத்தில விண்ணப்பிச்சால் சரி. அதுக்காக நித்திரை முழிக்கத் தேவையில்லை. ஓ.எல்., ஏ.எல்.லும் அப்பிடித்தான். பரீட்சைத் திணைக்களம் உறுதிப்படுத்திய பெறுபேற்றுச் சான்றிதழ் தரும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சுட்டெண்ணும் பரீட்சை எழுதின ஆண்டும் தெரிஞ்சிருக்கவேணும். பழைய சான்றிதழில இருக்கிற சுட்டெண்ணை இண்டைக்கே ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ. பழைய சான்றிதழைப் பெட்டியை விட்டு எடுக்கவே தேவையில்லை.

பட்டச் சான்றிதழ் வேற சாதி. பல்கலைக்கழகம் ஒருக்காத்தான் தரும். துலைஞ்சால் பொலிஸ் முறைப்பாடு, சத்தியக் கடதாசி, கட்டணம், காத்திருப்பு எண்டு ஓடித்தான் இரண்டாம் பிரதி எடுக்கவேணும். பட்டப்பின் டிப்ளோமாவும் அப்பிடியே.

விடுகைப் பத்திரம்தான் உங்களிட்ட இருக்கிறதில ஆகப் பெறுமதியான கடதாசி. வேலைக்கு அதின்ர பெறுமதி குறைவு, ஆனால் பதிவேடு இல்லாத பள்ளிக்கூடத்தால அதைத் திரும்ப எழுதித் தர ஏலாது. சார்ஜாவில கணிதம் படிப்பிக்க அது எதுக்கு? "என்ன சட்டத் தேவைக்கு?" எண்டு எழுத்தில கேளுங்கோ. அனேகமாப் பட்டியலில இருந்து எடுத்துப்போடுவினம். எடுக்காட்டிலும் ஸ்கான் பிரதி காணும்.

கடவுச்சீட்டு: விசா விண்ணப்பத்துக்குத் தகவல் பக்கத்தின்ர ஸ்கான் காணும். அது இலங்கை அரசாங்கத்தின்ர சொத்து, உங்கட பாவனைக்குத் தந்திருக்கு. மாதக்கணக்கில வைச்சிருக்க ஏஜென்சிக்கும் உரிமையில்லை, பள்ளிக்கூடத்துக்கும் இல்லை.

---

பூந்தோட்டம்_வவுனியா

இரண்டாம், மூன்றாம் கேள்விகளுக்கு எழுதுகிறேன்.

அத்தாட்சி என்றால் என்னவென்று முதலில் தெளிவாக இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவு உங்கள் படிப்பைச் சோதிப்பதில்லை. "இந்தக் கையொப்பமும் முத்திரையும் இன்ன அதிகாரியுடையவை" என்பதைத்தான் உறுதிப்படுத்துகிறது. அடுத்த படியில் இருக்கும் தூதரகம் கொன்சியூலர் அதிகாரியின் கையொப்பத்தை உறுதிப்படுத்துகிறது. சங்கிலி போல ஒன்றில் ஒன்று தொங்குகிறது, ஒரு கண்ணி விட்டால் அடுத்த இடத்தில் திருப்பி விடுவார்கள். ஊரில் சமாதான நீதவான் "உண்மைப் பிரதி" என்று சீல் அடித்த போட்டோ கொப்பி பிரதேச செயலகத்துக்குப் போதும், இந்தச் சங்கிலியில் அதற்கு இடமில்லை.

சார்ஜா இருக்கும் அமீரகத்துக்கான ஒழுங்கு இது. முதலில் சான்றிதழைத் தந்த நிறுவனம் (பட்டத்துக்குப் பல்கலைக்கழகப் பதிவாளர் அல்லது பரீட்சைக் கிளை, ஓ.எல்., ஏ.எல்.லுக்குப் பரீட்சைத் திணைக்களம்). அடுத்து வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவு. மூன்றாவது கொழும்பில் உள்ள அமீரகத் தூதரகம். கடைசியில் அங்கே அவர்களுடைய வெளிநாட்டு அமைச்சு. முதல் மூன்றும் இலங்கையில் நடப்பவை. அதனால் ஒப்பந்தத்தில் கையொப்பம் வைக்குமுன்பே நீங்களே செய்து முடிக்கலாம்.

கொன்சியூலர் வேலைக்குக் கொழும்பு வரை போகவேண்டியதில்லை. யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. முல்லைத்தீவிலிருந்து காலை முதல் பஸ் எடுத்தால் ஒரு நாள் வேலை. முன்பதிவு வேண்டுமா, அன்றைய கட்டணம் எவ்வளவு என்பதைப் போக முதல் தொலைபேசியில் கேளுங்கள். தூதரகப் படி மட்டும் கொழும்பில்தான். அதை முகவரிடம் விட்டாலும் பரவாயில்லை, ஆனால் பட்டச் சான்றிதழ் ஒன்றை மட்டும், எழுத்துப் பற்றுச்சீட்டோடு. முத்திரையும் ஒட்டியும் (ஸ்ரிக்கர்) பல வேளை மூலச் சான்றிதழின் பின்பக்கத்திலேயே வரும். இந்த ஒரு கட்டத்தில் ஒறிஜினல் கைமாறுவது நியாயமான தேவைதான், மறுக்கவேண்டாம்.

வவுனியா வளாகம் பற்றி. அது வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்தியங்கத் தொடங்கியது 2021 ஆகஸ்ட் 1 முதல். அதற்கு முன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம். உங்கள் 2016 பட்டத்தை வழங்கியது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், சான்றிதழிலும் அந்தப் பெயர்தான் இருக்கும். பட்டத்தைச் சரிபார்க்க நிரப்பும் இணையப் படிவத்தில் "பட்டம் வழங்கிய நிறுவனம்" என்ற இடத்தில் வவுனியாப் பல்கலைக்கழகம் என்று நிரப்பிவிட்டால், பட்டம் உண்மையா என்று பல்கலைக்கழகத்திடம் கேட்டுச் சரிபார்க்கும் கொம்பனி தவறான பரீட்சைக் கிளைக்கு மின்னஞ்சல் அனுப்பும். "இப்படி ஒரு பட்டதாரி எமது பதிவில் இல்லை" என்று பதில் போகும். கல்வி கற்ற இடம் வேறு, பட்டம் வழங்கிய நிறுவனம் வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருந்தால் தனித்தனியே நிரப்புங்கள். ஒரு கட்டம்தான் என்றால் சான்றிதழில் அச்சிட்டிருக்கும் பெயர்.

சரிபார்க்கும் கொம்பனிக்கு நீங்கள் ஓர் அதிகாரமளிப்புக் கடிதம் கொடுக்கவேண்டி வரும். அது "பட்டத்தைச் சரிபார்க்க மட்டும்" என்றிருக்கட்டும். "என் சார்பில் ஆவணங்களைப் பெற்றுக்கொள்ள" என்ற சொல் அதில் இருந்தால் வெட்டச் சொல்லுங்கள்.

பெயர் ஒழுங்கையும் அத்தாட்சிக்கு முதலே பாருங்கள். பட்டத்தில் தலைப்பெழுத்தும் பெயரும், கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் விரித்து, பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல் என்பது நம் ஆட்களிடம் சர்வசாதாரணம். சட்டத்தரணி முன்னிலையில் ஆங்கிலத்தில் "இவ்விரு பெயரும் ஒரே நபரையே குறிக்கும்" என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து, அதையும் அதே சங்கிலியில் அத்தாட்சிப்படுத்துங்கள். அங்கே போன பிறகு இதைச் செய்வது பெரும் அலைச்சல்.

பொலிஸ் நற்சான்றிதழைக் கடைசியில் எடுங்கள். அது பழசானால் ஏற்கமாட்டார்கள்.

---

நெடுங்கேணி_மழைக்காலம்

நாலாவது கேள்வியில லமினேற் எண்டதைப் பாத்துத்தான் ஓடி வந்தனான். செய்யவேண்டாம். பட்டத்தில அழுத்தி எழுப்பின சீல் இருக்கும், சூட்டு உருளைக்குள்ளால போனால் அது தட்டையாப் போயிடும். பிளாஸ்ரிக் மேல தூதரக ஒட்டி நிக்காது, றபர் முத்திரை மை அழிஞ்சுபோகும். ஏற்கெனவே லமினேற் பண்ணின ஒண்டு இருந்தால் உரிக்க வெளிக்கிடாதேங்கோ, கடதாசியின்ர மேல்தோலும் எழுத்தும் பிளாஸ்ரிக்கோட சேந்து வந்திடும். அதை அப்பிடியே வைச்சுக்கொண்டு பரீட்சைக் கிளையிட்ட உறுதிப்படுத்தல் கடிதம் கேளுங்கோ.

சான்றிதழ் போட்டு வைக்கிற பிளாஸ்ரிக் உறை வாங்கேக்க அடியில முக்கோணத்துக்குள்ள இருக்கிற இலக்கத்தைப் பாருங்கோ. 5 எண்டால் பொலிபுறொப்பிலீன், நல்லது. 3 எண்டால் பீவீசீ. மலிவான, மணக்கிற, மெத்தெண்ட உறை அனேகமா அதுதான். சூட்டில அதில இருந்து கசியிற எண்ணெய்ப்பசை லேசர் அச்சை இளக்கும், ஒரு வருஷத்தால திறந்தால் எழுத்து உறையில ஒட்டிக் கிடக்கும். ஓட்டுக்கும் தகரத்துக்கும் கீழ இருக்கிற எங்கட வீட்டுச் சூட்டில இது கெதியா நடக்கும். ஸ்ரேப்பிள் பின், செலோரேப், றபர் பாண்ட் மூண்டும் விலக்கு. பின் கறள் பிடிச்சுக் கடதாசியைத் தின்னும். பட்டம் ஏ4ஐ விடப் பெரிசெண்டால் மடிக்காமல் ஏ3 உறை வாங்குங்கோ.

ஸ்கான்: 300 டீபிஐ, கலர், இரண்டு பக்கமும். பின்பக்கம் வெறுமையா இருந்தாலும் எடுங்கோ, நாளைக்கு அதில முத்திரை வந்தால் "முந்தி–பிந்தி" காட்டலாம். ஒவ்வொரு முத்திரை விழுந்த பிறகும் திரும்ப ஒருக்கா ஸ்கான். ஃபோன் செயலியில எடுக்கிறதெண்டால் தானாகவே வெளிறச் செய்யிற வசதியை நிப்பாட்டுங்கோ, அது நீல மைக் கையொப்பத்தையும் மெல்லிய பின்னணிக் கோலத்தையும் அழிச்சுப்போடும். எழும்பின சீல் ஸ்கானரில தெரியாது. இருட்டின அறையில சான்றிதழைச் சமமா வைச்சு, ரோச் லைற்றைப் பக்கவாட்டில கடதாசியோட ஒட்டிப் பிடிச்சு ஒரு படம் எடுங்கோ, நிழல் விழுந்து சீல் வாசிக்கக்கூடியதா வரும். துலைஞ்சு இரண்டாம் பிரதிக்குப் போனால் அந்தப் படம் பெரிய உதவி.

அனுப்பிற பிரதியில நடுவால, எழுத்துக்கு மேலால, குறுக்க ஒரு சாம்பல் வரி போடுங்கோ: எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் தேவை, எந்தத் திகதி. மூலையில போட்டால் வெட்டி எடுத்துப்போடுவினம். வட்ஸ்அப்பில படமா அனுப்பினால் தரம் குறையும், கோப்பா அனுப்புங்கோ.

கூகுள் ட்ரைவில போட்டு வைச்சால் முடிஞ்சுது எண்டு நினைக்கினம். அதிலயும் ஒரு பொறி இருக்கு. அங்க போய்ப் புது ஃபோனில உள்ளுக்குப் போகேக்க, இரகசிய இலக்கம் உங்கட இலங்கைச் சிம்முக்கு வரும். றோமிங் இல்லாட்டில், இல்லை காசு போடாமல் சிம் செத்திட்டால், கதவு பூட்டு. வெளிக்கிட முதல் கணக்கின்ர பாதுகாப்பு அமைப்புக்குள்ள போய் மாற்றுக் குறியீடுகள் (backup codes) எடுங்கோ. எட்டு இலக்கத்தில பத்துக் குறியீடு தரும், ஒவ்வொண்டும் ஒருக்காத்தான் வேலைசெய்யும். அச்செடுத்து ஒண்டு உங்களோட, ஒண்டு வீட்டில.

---

முள்ளியவளை_கணிதம்

எல்லாருக்கும் பெரிய நன்றி. ஏஜென்சியிட்ட எழுத்தில கேட்டன். விடுகைப் பத்திரம் தேவையில்லை எண்டிட்டினம். ஆனால் இப்ப ஒப்பந்தத்தைத் திரும்ப வாசிக்க ஒரு வரி: ஆசிரியர் தன்ர கல்விச் சான்றிதழ்களையும் கடவுச்சீட்டையும் ஒப்பந்தக் காலம் முடியும்வரை "சுயவிருப்பின் பேரில்" பள்ளிக்கூடப் பெட்டகத்தில வைக்கச் சம்மதிக்கிறார். "எல்லாரும் வைக்கிறது, களவு போகாமல்" எண்டு விளக்கம். இரண்டு வருஷ ஒப்பந்தம்.

---

டிப்போசந்தி_கிளிநொச்சி

அந்த வரியோடு கையொப்பம் வைக்காதீர்கள் பிள்ளை. "சுயவிருப்பின் பேரில்" என்ற சொல்லைச் சும்மா போடவில்லை. அங்கே ஆவணத்தைப் பிடித்து வைப்பது சட்டப்படி பிழை என்பது அவர்களுக்குத் தெரியும். நீங்களாகத் தந்தீர்கள் என்று காட்டத்தான் அந்தச் சொல்.

அமீரகத்தின் தனியார் துறைத் தொழில் சட்டம், 2021ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கூட்டாட்சி ஆணைச் சட்டம், 2022 பெப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 13ஆம் பிரிவு தொழில் தருநர் தொழிலாளியின் உத்தியோகபூர்வ ஆவணங்களைத் தடுத்து வைக்கக்கூடாது என்கிறது. பக்கத்து நாடான கட்டாரிலும் 2015ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி வதிவிட அனுமதி எடுக்கும் வேலை முடிந்ததும் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், மீறினால் 25,000 றியால் வரை தண்டம். சர்வதேசத் தொழில் தாபனம் கட்டாய உழைப்பை அடையாளம் காணத் தரும் பதினொரு அறிகுறிகளில் அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதும் ஒன்று. இதையெல்லாம் எழுதிச் சண்டை பிடிக்க வேண்டாம். மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போதும்: "13ஆம் பிரிவுக்கு அமைய இந்த வாசகத்தை நீக்கித் திருத்திய ஒப்பந்தம் அனுப்புங்கள். மூலச் சான்றிதழ்களை வேலையில் சேரும் நாளில் நேரில் காட்டுவேன், பார்த்ததற்கு முத்திரையிட்டு அன்றே திருப்பித் தாருங்கள்." நல்ல பள்ளிக்கூடம் இதற்குச் சம்மதிக்கும். மறுத்தால், சம்பள நாளில் எப்படி நடப்பார்கள் என்பதையும் இப்போதே காட்டிவிட்டார்கள்.

எங்கே கொடுத்தாலும் பற்றுச்சீட்டு எடுங்கள். அதில் இருக்கவேண்டியவை: ஆவணத்தின் பெயர், அதன் தொடரிலக்கம், என்ன வேலைக்கு, கொடுத்த திகதி, திருப்பும் திகதி, வாங்குபவரின் முழுப்பெயரும் அடையாள அட்டை இலக்கமும், நிறுவன முத்திரை. இரண்டு பிரதி. "சான்றிதழ்கள் – 4" என்று மொத்தமாக எழுதிய துண்டு பிரயோசனமில்லை, எந்த நாலு என்று பிறகு யார் சொல்வது? திருப்பும் திகதி எழுத மறுத்தால் கொடுக்காதீர்கள்.

ஏஜென்சியின் அனுமதிப்பத்திர இலக்கத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபாருங்கள். 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தமிழிலும் கேட்கலாம். அனுமதிப்பத்திரம் இருப்பது மட்டும் போதாது, இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஆள் எடுக்க அவர்களுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பணியகப் பதிவு இல்லாமல் சுற்றுலா விசாவில் ஏறச் சொன்னால் ஏறவேண்டாம். பிறகு ஆவணத்தைப் பிடித்து வைத்தாலும் முறைப்பாடு செய்ய உங்கள் கால் நிற்க இடமிராது.

போன பிறகு பிடித்து வைத்தால்: முதல் நாளே மின்னஞ்சலில் எழுத்துக் கோரிக்கை, பற்றுச்சீட்டு இணைத்து, ஏழு நாள் தவணை. பிறகு அங்குள்ள தொழில் அமைச்சில் முறைப்பாடு, கூடவே இலங்கைத் தூதரகத்தின் தொழிலாளர் நலன் பிரிவுக்கு ஒரு பிரதி. வாய்ப்பேச்சில் மாதம் கடத்தாதீர்கள்.

---

பூநகரி_கடற்காற்று

டிப்போசந்தி அண்ணை சொன்னது முழுக்கச் சரி. கொண்டுபோறதா வைக்கிறதா எண்ட கேள்வி இன்னும் கிடக்கு. என்ர அபிப்பிராயம்: அத்தாட்சி முடிஞ்ச பட்டமும் டிப்ளோமாவும் உங்களோட வரட்டும், மிச்சமெல்லாம் ஊரில நிக்கட்டும். விமானத்தில கைப்பையில, காலடியில. பெரிய பெட்டிக்குள்ள போடவேண்டாம்.

---

நெடுங்கேணி_மழைக்காலம்

அதில எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. பட்டத்தை அங்க இரண்டு வருஷம் வைச்சிருக்கத் தேவையில்லை. அங்கத்தை வெளிநாட்டு அமைச்சின்ர அத்தாட்சி விழுந்து, பள்ளிக்கூடம் பாத்து, ஆசிரியர் அனுமதி கையில வந்தவுடன அதின்ர வேலை முடிஞ்சுது. பகிர்ந்து இருக்கிற அறையில அலுமாரித் திறப்பு நாலு பேரிட்ட இருக்கும். முதல் விடுமுறைக்கு வரேக்க கொண்டுவந்து வையுங்கோ.

---

பூநகரி_கடற்காற்று

வீட்டில வைக்கிறதெண்டால் எந்த வீட்டில? 2018 மார்கழியில இரணைமடு வான்கதவு திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு வீடுகளுக்குள்ள வெள்ளம் வந்தது. கறையான் வேற. ஊரில வைக்கிறதே பாதுகாப்பு எண்டு சொல்லேலாது.

---

நெடுங்கேணி_மழைக்காலம்

ஒப்புக்கொள்ளுறன். அப்ப இப்பிடி: வங்கியில பாதுகாப்புப் பெட்டகம் எடுக்கக்கூடிய கிளை கிட்ட இருந்தால் அதுதான் முதல் தெரிவு. இல்லாட்டில் இரண்டு சிப் பைக்குள்ள ஒண்டுக்குள்ள ஒண்டா, இடையில சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு (கடதாசியில முட்டாமல்), தகரப் பெட்டி, சுவரில முட்டாமல் ஜன்னலை விட உயரத்தில. மாரிக்கு முதல் ஒருக்கா, தைப்பொங்கலுக்குப் பிறகு ஒருக்கா வீட்டுக்காரர் திறந்து பாக்கவேணும். வெள்ளத்துக்கு வெளிக்கிடேக்க அந்தப் பையை மட்டும் தூக்கினால் காணும் எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கவேணும். விடுகைப் பத்திரம் அந்தப் பையில முதலாவது.

---

பூந்தோட்டம்_வவுனியா

இன்னொன்று விடுபட்டுவிட்டது. பெறுபேற்றுப் பத்திரத்தை (பட்டப்படிப்பின் பாடவாரிப் பெறுபேறுகள், transcript) பல்கலைக்கழகம் மூடி முத்திரையிட்ட உறையில் தரும். வெளிக்கிட முதல் மூன்று உறை கேட்டு வாங்குங்கள், அதோடு திறந்த பிரதி ஒன்று உங்கள் பாவனைக்கு. மூடிய உறையை யாரும், ஏஜென்சியும், "பார்த்துவிட்டு ஒட்டுகிறோம்" என்று திறக்க விடாதீர்கள். மடிப்பில் இருக்கும் முத்திரை கிழிந்தால் அந்த உறைக்குப் பெறுமதி இல்லை.

நீங்கள் அங்கே இருக்கும்போது மேலும் உறைகள் தேவைப்பட்டால் எடுத்துத் தர, தம்பியின் அல்லது தங்கையின் பெயருக்கு அடையாள அட்டை இலக்கத்தோடு ஓர் அதிகாரமளிப்புக் கடிதம் எழுதிக் கையொப்பமிட்டு வைத்துவிட்டுப் போங்கள். "பெறுபேற்றுப் பத்திரம் பெற மட்டும்" என்று இருக்கட்டும், திகதியை வெறுமையாக விடவேண்டாம்.

---

முள்ளியவளை_கணிதம்

அந்த வரியை எடுக்கச் சொல்லி மின்னஞ்சல் போட்டாச்சு, 13ஆம் பிரிவையும் குறிச்சிருக்கு. திருத்தின ஒப்பந்தம் வரும்வரைக்கும் ஒரு கடதாசியும் வெளிய போகாது. திங்கட்கிழமை யாழ்ப்பாணத்துக்கு, முதல் பரீட்சைக் கிளை, பிறகு மாவட்டச் செயலகம். பட்டத்தோட சத்தியக் கடதாசியையும் ஒரே நாளில குடுக்கலாமா, தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

---

பூந்தோட்டம்_வவுனியா

கொடுக்கலாம், ஒவ்வொரு ஆவணத்துக்கும் கட்டணம் தனித்தனி. ஆனால் பரீட்சைக் கிளையின் உறுதிப்படுத்தல் அன்றே கையில் கிடைக்கும் என்று நம்பி மாவட்டச் செயலகத்துக்கு அதே நாள் பதிவு வைக்கவேண்டாம். வெள்ளிக்கிழமையே கிளைக்குத் தொலைபேசி எடுத்து, எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுவிட்டு இரண்டாவது பதிவை வையுங்கள். சத்தியக் கடதாசியில் சட்டத்தரணியின் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அவருடைய மேசையிலேயே பாருங்கள். மங்கலான முத்திரையைத் திருப்பி விடுவார்கள்.